மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை: கடைத்தெருவை மறந்த அரசுகள்!

வேலை கேட்டு வருபவரிடம் சில்லறையை நீட்டி அனுப்பும் வழக்கம் நம் கடைத்தெருக்களில் இருக்கிறது. வந்தவர் கால் ஊனமுற்றவராகவோ, காது கேளாதவராகவோ, பார்வையற்றவராகவோ இருந்தால் போதும். அவர் வாய் திறப்பதற்கு முன்பே கல்லாப்பெட்டி திறந்துவிடும்! கொடுப்பவர் மனதில் இரக்கம் இருக்கிறது. அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் வந்தவர் கேட்டது காசு அல்ல, வேலை.

கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அரசும் இதைத்தான் பெரிய அளவில் செய்துகொண்டிருக்கிறது. மூன்று சக்கர வண்டி வழங்கும் விழா நடக்கும். அமைச்சர் வருவார். மாலை, மரியாதை, புகைப்படம் எல்லாம் முடியும். மறுநாள் பத்திரிகையில் படமும் வரும். அந்த வண்டியில் ஏறி அந்த இளைஞர் எந்த வேலைக்குப் போவார் என்று மேடையில் இருக்கும் ஒருவரும் கேட்பதில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். நாடு முழுவதும் உள்ள மாற்றுத்திறனாளிகளில் ஏதேனும் ஒரு வேலை செய்பவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். பெண்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 23 பேர். இதில் குழந்தைகளும் முதியவர்களும் அடக்கம் என்பது உண்மை. அவர்களைக் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சமல்ல. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை உரிய காலத்தில் எடுக்காமல் விட்டதால், இன்றைக்கும் இந்தப் பழைய கணக்கை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது!

சட்டம் வந்த கதை

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று உரிமைச் சட்டம் 1995 டிசம்பரில்தான் நிறைவேறியது. சுதந்திரம் கிடைத்து 48 ஆண்டுகள் கழித்து! அதுவும் ஆட்சியாளர்கள் தாமாக மனமிரங்கிக் கொடுத்ததல்ல. அந்தக் குளிர்கால டில்லியில் மாற்றுத்திறனாளிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் அலிகரில் பிறந்த ஜாவேத் ஆபிதி. பிறவியிலேயே முதுகெலும்புக் குறைபாடு உள்ளவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு தலைமுறையின் உரிமைக் குரலாக இருந்தவர். அமெரிக்காவில் பத்திரிகைத் துறை படித்துவிட்டுத் தாயகம் திரும்பியவர். பின்னாளில் விமான நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளை மூட்டை தூக்குவதுபோல் தூக்கி ஏற்றுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். வேலைவாய்ப்புக்காகவே ஓர் அமைப்பை நடத்தினார். 2018 மார்ச்சில் மறைந்தார். நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கெல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. அது இருக்கட்டும்.

அந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு கொடுத்தது. 2016இல் வந்து, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை 4 சதவீதமாக்கியது. ஏழாக இருந்த ஊன வகைகள் 21 ஆயின. மனவளர்ச்சி குன்றியவர்களும், ஆட்டிசம் உள்ளவர்களும், மனநோயால் பாதிக்கப்பட்டவர்களும் முதல்முறையாக இடஒதுக்கீட்டுக் கணக்கில் வந்தார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான்.

ஆனால் சதவீதம் காகிதத்தில் இருப்பதற்கும் கைக்கு வருவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை நம் சமுதாயத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 3 சதவீதத்தை மொத்தக் காலியிடங்களில் கணக்கிடாமல், 'இவர்களுக்கு ஏற்ற பணி' என்று அதிகாரிகள் அடையாளம் காட்டிய பணிகளில் மட்டும் கணக்கிட்டுப் பல ஆண்டுகளாக ஏய்த்து வந்தார்கள். கடைசியில் பார்வையற்றோர் சம்மேளனம் வழக்கு நடத்தி, 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழகத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான அமர்வு, மொத்தக் காலியிடங்களில்தான் கணக்கிட வேண்டும், மூன்று மாதத்தில் செய்து முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் வந்து 18 ஆண்டுகள் கழித்து, சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது என்று நீதிமன்றம் பாடம் எடுத்தது!

அரசு வேலை மட்டுமா வேலை?

சரி, 4 சதவீதமும் ஒழுங்காகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் பயன்பெறப் போவது யார்? பட்டம் படித்தவர், தேர்வு எழுதக்கூடியவர், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டக்கூடியவர். பத்தாம் வகுப்போடு நின்றுபோன போலியோ பாதித்தவருக்கு அதில் என்ன கிடைக்கும்? இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011இல் கண்டறியப்பட்டார். 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் வந்துவிட்டது. நோய் போய்விட்டது. நோயால் கால் சூம்பியவர்கள் போய்விடவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இன்று முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள், குடும்பத்தைச் சுமக்கும் வயதில் இருக்கிறார்கள்.

இவர்களுக்கு வேலை இருக்கும் இடம் தலைமைச் செயலகம் அல்ல. கடைத்தெரு. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, செல்போன் பழுதுபார்க்கும் கடை, உணவகம், லாரி புக்கிங் அலுவலகம், ஆம்பூர் வாணியம்பாடி பக்கத்துத் தோல் பட்டறை, காலணித் தொழிற்சாலை. நாட்டில் ஏராளமானோர் வயிறு வளர்ப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். அரசின் வேலைவாய்ப்பு உதவியும் இங்கேதானே வந்திருக்க வேண்டும்?

வந்ததா? இதுதான் நம் கேள்வி.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவிலேயே ஒரு வாசகம் இருந்தது. வேலை கொடுப்பவர்களிடம் உள்ள பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் வகையில், அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்கள் பொருளாதார வசதிக்கு உட்பட்டு ஊக்கத்தொகை, சலுகை வழங்க வேண்டும் என்றது அது. தனியார் முதலாளிகளைப் பொறுத்தவரை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதையே திரும்பவும் சொல்கிறது. அதாவது தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. 'நீ வேலை கொடு, உனக்கு ஒரு பங்கை நாங்கள் தருகிறோம்' என்று அரசு கை நீட்டுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீட்டிய கையில் என்ன இருந்தது?

1,800 கோடி அறிவிப்பு

2007ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஆண்டுக்கு ஒரு லட்சம் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியார் துறையில் வேலை, அதற்கு 1,800 கோடி ரூபாய் என்றார். 2008 ஏப்ரல் 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேலைக்கு வைத்தால், அவருக்காக முதலாளி கட்ட வேண்டிய வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்குத்தொகையை முதல் மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசே கட்டும். இதுதான் அன்றைய திட்டம்.

கேட்பதற்கு இனிக்கிறது. ஒரு வியாபாரியின் கண்ணால் இதைப் பார்ப்போம். அன்றைய நிலையில் 6,000 ரூபாய் சம்பளம் என்றால், முதலாளியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 720 ரூபாய். இ.எஸ்.ஐ. 4.75 சதவீதம், 285 ரூபாய். ஆக மாதம் 1,005 ரூபாய் மிச்சம். சின்ன வியாபாரிக்கு இது சிறிய தொகை அல்ல.

ஆனால் பி.எஃப். சட்டம் பொருந்துவது 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கு. இ.எஸ்.ஐ. 10 பேர் இருக்கும் இடத்துக்கு. நம் கடைகளில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? மூன்று பேர், ஐந்து பேர், மிஞ்சினால் எட்டுப் பேர்! பி.எஃப். கட்டாதவருக்கு பி.எஃப். பங்கைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்வது, மாடு இல்லாதவனுக்கு வைக்கோல் இலவசம் என்று சொல்வதுபோல! வேலை இருக்கும் இடம் ஒன்று, அரசுப் பணம் போகும் வழி இன்னொன்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் என்ற இலக்கின் அருகில்கூடத் திட்டம் போகவில்லை என்பதில் வியப்பு என்ன இருக்கிறது?

பெரிய நிறுவனங்களாவது பயன்படுத்தினவா என்றால், அவற்றுக்கு அந்த ஆயிரம் ரூபாய் ஒரு பொருட்டே அல்ல. அதற்காகத் தனியாகக் கணக்கு எழுத வேண்டும், சான்றிதழ் இணைக்க வேண்டும் என்றால் அவர்களின் கணக்காளர் 'வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்றுதான் சொல்வார். தேவைப்பட்டவனுக்கு எட்டவில்லை, எட்டியவனுக்குத் தேவைப்படவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. இது முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் உதவுகிற திட்டம். வேலைக்கு வருகிறவருக்கு என்ன இடைஞ்சல் என்று அது கேட்கவே இல்லை. கால் ஊனமுற்றவருக்குச் சம்பளத்தில் பாதி ஆட்டோவுக்குப் போய்விடுகிறது. காது கேளாதவர் முதலாளியின் பேச்சைப் புரிந்துகொள்ள முதல் மாதமாவது சைகை மொழி தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். மனவளர்ச்சி குன்றிய இளைஞருக்கு ஒரே வேலையைப் பொறுமையாகப் பலமுறை செய்துகாட்டிப் பழக்க ஒருவர் வேண்டும். வியாபாரம் மும்முரமாக நடக்கும் கடையில் முதலாளிக்கு அதற்கு நேரம் ஏது? இரண்டாவது வாரமே 'சரிப்பட்டு வராது' என்று அனுப்பிவிடுகிறார். அனுப்பப்பட்டவர் மறுபடி வேறு கடையின் படி ஏறத் தயங்குகிறார்.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. பிரிட்டனில் 1994 முதல் 'ஆக்சஸ் டு ஒர்க்' என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. பேருந்து, ரயிலில் போக முடியாதவருக்கு வாடகைக் காருக்கான கூடுதல் செலவு, காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர், பார்வையற்றவருக்குப் பேசும் கணினி, வேலையிடத்தில் உதவியாளர் எல்லாவற்றுக்கும் அரசு பணம் கொடுக்கிறது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 50 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறிய நிறுவனம் என்றால், கருவிகளின் செலவில் முதலாளி பங்கு கட்டத் தேவையில்லை. அதற்கு மேல் போனால்தான் பங்கு கேட்கிறார்கள். சிறியவனுக்கு அதிகம், பெரியவனுக்குக் குறைவு. நம் நாட்டில் தலைகீழ்! அங்கும் விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று புகார் இருக்கிறது. அது நிர்வாகத்தின் கோளாறு. நம்முடையது திட்டத்தின் அடித்தளத்திலேயே கோளாறு.

பிரிட்டன் பணக்கார நாடு, நம்மால் முடியுமா என்று கேட்பார்கள். நாம் கேட்பது பேசும் கணினி அல்ல. மாதம் 1,000 அல்லது 1,500 ரூபாய் போக்குவரத்துப் படி, முதல் மூன்று மாதத்துக்கு வேலை பழக்கிவிட ஓர் ஆள். தமிழக அரசு உலக வங்கிக் கடனுதவியுடன் 'உரிமைகள்' திட்டத்தை நடத்துகிறது. 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. அங்கே கடைத்தெருவுக்கு வந்து வேலை பழக்கிக் கொடுக்கும் பணியாளர்களை நியமித்தால் என்ன? பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் அச்சடிப்பதோடு நிற்காமல், வேலையில் சேர்ந்து ஆறு மாதம் நிலைத்தாரா என்று பார்த்துப் பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தால் என்ன? தையல் பயிற்சிச் சான்றிதழ் மூன்று வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

கடன் வேண்டாம், வேலை வேண்டும்

வேலை கொடுங்கள் என்றால் அதிகாரிகள் உடனே கடன் திட்டங்களை அடுக்குவார்கள். 1997இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் நிதிக் கழகம் இருக்கிறது, 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது என்பார்கள். பின்னதில் சிறுபான்மையினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம் என்று விதி இருப்பது உண்மை. தொழில் தெரிந்தவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கட்டும், தடையில்லை. ஆனால் எல்லோராலும் முதலாளி ஆகிவிட முடியுமா? கடையில் ஒருநாள்கூட நின்று பழகாத ஒருவர் கையில் கடனைக் கொடுத்து, நாளைக்கே தொழில் செய் என்றால் அது உதவியா, சோதனையா? வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கமே போகாதவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பதையும் ஆட்சியாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும். முதலில் வேலை. தொழில் படிந்த பிறகு கடையைப் பற்றிப் பேசலாம்.

வியாபாரிகளிடம் சில வார்த்தை

அரசைக் கேட்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுமா? ஊனமுற்றவரை வேலைக்கு வைத்தால் வியாபாரம் கெடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எந்த வேலைக்கு வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பில் போடும் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் கால் எதற்கு? சரக்கு பிரித்து அடுக்குபவருக்குக் காது எதற்கு? மத்திய அரசு 2021இல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று 3,566 பணிகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. நம் வணிகர் சங்கங்கள் கடைத்தெரு வேலைகளில் ஒரு முப்பதுக்குப் பட்டியல் போட முடியாதா?

முன்பெல்லாம் ஜவுளிக்கடைக்காரர்கள் 'எங்கள் ஆட்கள் காலையிலிருந்து இரவு வரை நிற்க வேண்டும், இவரால் முடியாது' என்பார்கள். அந்தச் சாக்கும் போய்விட்டது. கடை ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத் திருத்தமே கொண்டுவந்துவிட்டது. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள் எவை என்று குறித்துச் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. பெரிய கடைகள் வைத்திருக்கும் நம் சகோதரர்களில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறார்கள்?

இன்னொன்று, கசப்பானது. சிலர் வேலை கொடுக்கிறார்கள், ஆனால் மற்றவருக்குக் கொடுப்பதில் பாதிச் சம்பளம் கொடுத்துவிட்டு 'பாவம் என்று வைத்திருக்கிறேன்' என்று வாடிக்கையாளர் முன்னிலையில் சொல்லிக் காட்டுகிறார்கள். எட்டு மணி நேரம் உழைப்பவர் பாவப்பட்டவர் அல்ல, தொழிலாளி. அவருக்குச் சேர வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு தர்மக் கணக்கில் எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

நகராட்சியைக் கேளுங்கள்

இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 35ஆம் பிரிவில் 'உள்ளாட்சி அமைப்புகளும்' என்ற சொல்லை மேலே பார்த்தோம். பலரும் கவனிக்காத சொல் அது. டில்லியும் சென்னையும் பணம் ஒதுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் ஊர் நகராட்சியே சலுகை கொடுக்கலாம். நகராட்சி வணிக வளாகத்தில் கடை வைத்திருப்பவர் ஒரு மாற்றுத்திறனாளியை முழுச் சம்பளத்தில் வேலைக்கு வைத்தால் வாடகையில் ஒரு பங்கு தள்ளுபடி, தொழில் உரிமக் கட்டணத்தில் தள்ளுபடி என்று தீர்மானம் போடச் சொல்லிக் கேட்கலாம். இதில் பி.எஃப். கணக்குக் கிடையாது. இருபது பேர் வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஐந்து பேர் உள்ள கடையில் ஒருவரை வைத்தால் அது 5 சதவீதம் அல்ல, 20 சதவீதம்! ஏமாற்றுவார்களே என்று கேட்கலாம். பெயருக்கு ஒருவரைக் கணக்கில் காட்டிச் சலுகை வாங்குபவர்கள் வரத்தான் செய்வார்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் போக வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் பாதி ஏமாற்று அடங்கிவிடும்.

யார் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருவது? 2025இல் தமிழகச் சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டம் நிறைவேற்றியது. அந்த நியமன உறுப்பினரைச் சந்தியுங்கள். வார்டு உறுப்பினரைச் சந்தியுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளும் வணிகர் சங்கத்தாரும் சேர்ந்து போனால் தலைவர் கதவைத் திறக்காமல் இருக்க மாட்டார்.

அதற்கு முன்பாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகராட்சிக்கு ஒரு மனுவும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு மனுவும் போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம்தான். கேட்க வேண்டியவை: 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி இந்த ஊரில் தனியார் முதலாளிகளுக்கு இதுவரை வழங்கப்பட்ட ஊக்கத்தொகை அல்லது சலுகை எவ்வளவு? பெற்றவர்கள் எத்தனை பேர்? அதனால் வேலை பெற்ற மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? அவர்களில் ஓராண்டு கழித்தும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? பதில் வந்ததும் நகலை நமக்கும் அனுப்பி வையுங்கள். ஊர்வாரியாக வெளியிடுவோம்.